மாற்று இதயத்துக்கு சிடி ஆஞ்சியோ: படமும் கெடாமல், கதிரளவும் ஏறாமல்

சிடி அறையில் புதிதாகச் சேர்ந்த டெக்னாலஜிஸ்டுகளுக்கும், ரேடியாலஜி மேற்படிப்பில் முதல் ஆண்டில் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சாதாரண கரோனரி சிடி எடுக்க ஓரளவு பழகியிருப்பீர்கள். ஒரு நாள் பட்டியலில் இதய மாற்று சிகிச்சை பெற்ற ஒருவர் வருவார். ஈசிஜி லீட் ஒட்டியதும் மானிட்டரில் துடிப்பு 98 என்று நிற்கும். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். துடிப்பு இவ்வளவு வேகமாக இருக்கிறதே என்ற பயத்தில் ரெட்ரோஸ்பெக்டிவ் முறைக்குத் தாவி, துடிப்பின் முழுச் சுற்றுக்கும் கதிரைத் திறந்துவிடுவார்கள். படம் கிடைத்துவிடும், சந்தேகமில்லை. ஆனால் யாரும் பார்க்கப்போகாத கட்டங்களுக்கும் சேர்த்து நோயாளி கதிரை வாங்கியிருப்பார்.

இன்னொரு பக்கம், டோஸைக் குறை, டோஸைக் குறை என்று கேட்டே பழகியவர்கள் கிலோவோல்ட் (எக்ஸ் கதிர் டியூபின் மின்னழுத்தம்), மில்லிஆம்பியர் (அதில் ஓடும் மின்னோட்டம்) எல்லாவற்றையும் ஒரேயடியாக இறக்கிவிடுவார்கள். மெல்லிய தமனிகள் மணலைத் தூவியது போல வரும். மதிப்பிட இயலவில்லை என்று ரிப்போர்ட் எழுதி நோயாளியை கேத் லேபுக்கு (குழாய் செலுத்தி ஆஞ்சியோ எடுக்கும் அறைக்கு) அனுப்புவார்கள். அந்த ஸ்கேனில் போன கதிர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வீண்.

எடுக்கத் தேவையில்லாததை எடுக்காமல் விடுவதில் மிச்சம் பிடியுங்கள், எடுக்கிற அந்தக் கால் நொடியில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. இதை எப்படிச் செயல்படுத்துவது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் இந்த இதயத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

கிறிஸ்டியான் பர்னார்ட் 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் உள்ள குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் முதல் மனித இதய மாற்றைச் செய்தார். அந்த நோயாளி 18 நாள்தான் உயிரோடு இருந்தார். இந்தியாவில் முதல் வெற்றிகரமான இதய மாற்று 1994 ஆகஸ்ட் 3 அன்று டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் தலைமையில் நடந்தது. இன்றைக்கு முதல் ஆண்டைத் தாண்டியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பத்து ஆண்டுகளையும் தாண்டுகிறார்கள். நீண்ட நாள் வாழ்கிறவருக்கு நீண்ட நாள் கண்காணிப்பு வேண்டும். அந்தக் கண்காணிப்பில் கணிசமான பகுதி எக்ஸ் கதிரோடு வருகிறது. முதல் ஆண்டில் கழுத்துச் சிரை வழியாக மறுபடி மறுபடி பயாப்ஸி எடுப்பார்கள், அது ஃப்ளோரோஸ்கோப்பியின் (ஓடும் எக்ஸ் கதிர்ப் படத்தின்) கீழ் நடக்கும். பல மையங்களில் ஆண்டுக்கு ஒரு ஆஞ்சியோ உண்டு. இவற்றோடு, உடல் புதிய இதயத்தை ஒதுக்கிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகள் தாமாகவே சிலவகைப் புற்றுநோய்களுக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. எனவே, இவர் ஏற்கெனவே நிறைய கதிர் வாங்கியவர், இனியும் வாங்கப்போகிறவர் என்று நினைத்தே வேலையைத் தொடங்க வேண்டும்.

நாம் தேடுவது எதை? மாற்று இதயத் தமனி நோய். டாக்டர்கள் சுருக்கமாக சிஏவி என்பார்கள். சாதாரண மாரடைப்பு நோயாளியிடம் கொழுப்பு ஒரு பக்கமாகத் திட்டுத் திட்டாகப் படியும். இதில் அப்படி இல்லாமல், தமனியின் உட்சுவர் நீளவாக்கில் சுற்றிலும் தடித்துக்கொண்டே வரும், கடைக்கோடிக் கிளைகள்வரை போகும். ஐந்து ஆண்டில் பத்துப் பேரில் மூன்று பேருக்கும், பத்து ஆண்டில் ஏறக்குறைய பாதிப்பேருக்கும் ஏதோ ஓர் அளவில் இது வந்திருக்கும். அறுவையில் நரம்புகள் வெட்டப்பட்டுவிடுவதால் பெரும்பாலோருக்கு நெஞ்சு வலிக்காது. வலி சொல்லாத நோயைப் படம்தான் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் குழாயின் சுவர் தெரிய வேண்டும். இந்த ஸ்கேனில் நாய்ஸை (படத்தில் மணல் தூவியது போலத் தெரியும் புள்ளிகளை) ஓர் அளவுக்கு மேல் பொறுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் அதுதான்.

அதே நரம்பு வெட்டு நமக்கு ஓர் உதவியும் செய்கிறது. வேகஸ் நரம்பின் பிடி இல்லாததால் ஓய்விலேயே துடிப்பு 90 முதல் 110 வரை இருக்கும். ஆனால் கடிகாரம் போல ஒரே சீராக இருக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு மூச்சை இழுத்துப் பிடித்தால் துடிப்பு ஏறி இறங்கும். இவர்களுக்கு அது நடக்காது. சிடியில் படத்தைக் கெடுப்பது வேகத்தைவிடத் துடிப்புக்குத் துடிப்பு வரும் வித்தியாசம்தான். புடாபெஸ்டில் ஓர் ஆய்வுக் குழு மாற்று இதயக்காரர்களையும், அதே துடிப்பு வேகம் உள்ள மற்றவர்களையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது. மாற்று இதயக்காரர்களின் படங்களில்தான் அசைவுக் கோளாறு குறைவாக இருந்தது. இதைத் தெரிந்துகொண்டாலே 98-ஐப் பார்த்து வரும் பயம் பாதி போய்விடும்.

படி 1: கேள்வி என்ன என்று கேளுங்கள்

ஸ்கேன் கோரிக்கையில் ‘சிடி கரோனரி’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. ஆண்டுக் கண்காணிப்பா, புதிதாக எக்கோவில் ஏதாவது தெரிந்ததா, நுரையீரல் தொற்றைப் பற்றிய சந்தேகமா? தொற்றுக்கு நெஞ்சு சிடி சாதாரணமாகவே போதும், ஈசிஜி ஒத்திசைவு தேவையில்லை. ஏற்கெனவே சிஏவி முற்றிப்போய் இரண்டு மூன்று ஸ்டென்ட் வைத்தவர் என்றால் சிடியால் பெரிதாகப் பயனில்லை. அவருக்கு ஆஞ்சியோவும் தமனிக்குள்ளே போய்ப் பார்க்கும் அல்ட்ராசவுண்டும்தான் சரி. சிடி நன்றாகப் பலன் தருவது ‘நோய் இல்லை’ என்று உறுதிசெய்வதில். இதை முடிவுசெய்வது டாக்டரின் வேலைதான், என்றாலும் போன் எடுத்துக் கேட்பது உங்கள் வேலை.

இந்தப் படியிலேயே இன்னொரு மிச்சம் இருக்கிறது. பல இடங்களில் கரோனரி சிடி என்றாலே முதலில் கால்சியம் ஸ்கோர் எடுப்பது பழக்கம். சிஏவியில் ஆரம்பத் தடிப்பில் சுண்ணாம்பு அவ்வளவாக இருக்காது. ஸ்கோர் பூஜ்யம் என்று வந்தாலும் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. கொடை இதயத்தின் வயது கூடுதலாக இருந்து, முதல் முறை அடிப்படைப் படமாக வேண்டும் என்று ரேடியாலஜிஸ்ட் கேட்டால் எடுக்கலாம். ஆண்டுதோறும் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

படி 2: நோயாளியைத் தயார் செய்தல்

சிறுநீரகத்தில் தொடங்குங்கள். டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டும் சிறுநீரகத்தை மெல்ல மெல்லப் பாதிப்பவை. கிரியேட்டினின் அண்மையில் பார்த்ததாக இருக்க வேண்டும், போன ஆண்டு அளவை வைத்துக்கொண்டு கான்ட்ராஸ்ட் (தமனியைப் படத்தில் காட்டும் அயோடின் மருந்து) ஊசி போடக் கூடாது. இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 30-க்குக் கீழ் இருந்தால் நிறுத்தி டாக்டரைக் கேளுங்கள். மாற்றுக்குப் பிறகு சர்க்கரை வந்து மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும் உண்டு, அதையும் விசாரியுங்கள்.

எதிர்ப்பு சக்தி குறைந்தவர் என்பதால் இருமிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் உட்கார வைக்காதீர்கள். காலை முதல் ஸ்லாட்டைக் கொடுங்கள், மாஸ்க் கொடுங்கள்.

அப்புறம் ஓய்வு. மாற்று இதயம் நரம்பின் கட்டளைக்காக ஓடுவதில்லை, ரத்தத்தில் சுற்றும் அட்ரினலினுக்காக ஓடுகிறது. அதனால் மாடி ஏறினால் துடிப்பு மெதுவாக ஏறும், உட்கார்ந்தால் மெதுவாகத்தான் இறங்கும். படியேறி வந்தவரை ஐந்து நிமிடத்தில் மேசையில் ஏற்றினால் அவருடைய உண்மையான ஓய்வுத் துடிப்பு உங்களுக்குத் தெரியாது. அரை மணி நேரம் அமைதியாக உட்காரட்டும்.

துடிப்பைக் குறைக்க மருந்து வேண்டுமா என்பதில்தான் பழைய பழக்கம் குறுக்கே வரும். சாதாரண நோயாளிக்கு 60-க்குக் கொண்டுவர மெட்டோப்ரோலால் கொடுப்போம். மாற்று இதயத்திலும் பீட்டா பிளாக்கர் வேலை செய்யும். ஆனால் வழக்கமான அளவில் 98 என்பது 60-க்கு வருவது அபூர்வம், 80-க்கு வந்தாலே பெரிது. 98-ஐ 82 ஆக்கினால் படமெடுக்கும் உத்தி மாறப்போவதில்லை. இரண்டிலும் சிஸ்டோலில்தான் (இதயம் சுருங்கும் கட்டத்தில்) எடுக்கப்போகிறோம். அதற்காக மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதில் பொருளில்லை. மாற்று முடிந்த முதல் சில மாதங்களில் கொடை இதயத்தின் சைனஸ் முனை (துடிப்பைத் தொடங்கிவைக்கும் இடம்) பலவீனமாக இருக்கலாம் என்பதால் இன்னும் கவனம் வேண்டும். ஐவாபிராடின் சைனஸ் முனையிலேயே நேராக வேலை செய்வதால் இவர்களுக்குப் பொருந்தும் மருந்துதான். ஆனால் பூஞ்சைத் தொற்றுக்காக கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது. டில்டியாசெம் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ஆக, மருந்துப் பட்டியலை முழுவதுமாக டாக்டர் கையில் கொடுத்து அவர் எழுதியதை மட்டும் கொடுங்கள். பழைய சிடி ப்ரோட்டோகால் தாளைப் பார்த்து நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். மெல்லிய கிளைகளை விரித்துக் காட்டுவதில் அதற்கு நிகரில்லை, அதற்குக் கதிர்ச்செலவும் கிடையாது. ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். நுரையீரல் அழுத்தத்துக்காக சில்டெனாஃபில் சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள், சாப்பிட்டால் நைட்ரேட் கூடாது.

படி 3: படுக்க வைப்பதும் லீட் ஒட்டுவதும்

இது சலிப்பான வேலை என்று அவசரமாகத் தாண்டிப் போவார்கள். ஆனால் நோயாளி கேன்டரியின் (ஸ்கேனர் வளையத்தின்) மையத்திலிருந்து சில சென்டிமீட்டர் மேலேயோ கீழேயோ இருந்தால் இயந்திரம் அவருடைய பருமனைத் தப்பாகக் கணக்கிடும். டியூபுக்கு அருகில் இருந்தால் டோபோகிராமில் (ஸ்கேனுக்கு முன் எடுக்கும் வழிகாட்டிப் படத்தில்) பெரிதாகத் தெரிவார், தானியங்கி முறை மில்லிஆம்பியரைக் கூட்டிவிடும். எதிர்ப்பக்கம் போனால் சிறிதாகத் தெரிவார், படத்தில் நாய்ஸ் கூடும். பக்கவாட்டு டோபோவைப் பார்த்து மேசை உயரத்தைச் சரிசெய்ய அரை நிமிடம் ஆகும்.

கைகள் தலைக்கு மேல். லீடுகளும் வயர்களும் ஸ்கேன் எல்லைக்கு வெளியே. பழைய இணைப்பு முறையில் அறுவை செய்தவர்களின் ஈசிஜியில் இரண்டு விதமான பி அலைகள் (ஏட்ரியத்தின் துடிப்பைக் காட்டுபவை) தெரியலாம். அவருடைய பழைய ஏட்ரியத்தின் மிச்சம் தன் போக்கில் துடிக்கிறது, அந்த மின்சாரம் தையல் கோட்டைத் தாண்டி வராது. ஸ்கேனர் பார்ப்பது ஆர் அலையை (ஈசிஜியின் உயர்ந்த முனையை) என்பதால் பயப்பட வேண்டாம். ஆர் குட்டையாகவும் டி உயரமாகவும் இருந்தால்தான் இயந்திரம் ஏமாறும். அப்போது லீடை இடம் மாற்றி ஒட்டுங்கள், அல்லது வேறு லீடைத் தேர்ந்தெடுங்கள்.

மார்பகத்தின் மேல் பிஸ்மத் கவசம் போடும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அது இதயத்துக்கு நேர் முன்னால் நாய்ஸையும் கோடுகளையும் கொண்டுவருகிறது. அதே அளவு கதிரை மில்லிஆம்பியரைக் குறைத்தே மிச்சம் பிடிக்கலாம்.

படி 4: எல்லையைச் சுருக்குதல்

டிஎல்பி (ஸ்கேனின் மொத்தக் கதிர்க் கணக்கு) என்பது சிடிடிஐயையும் (ஒரு துண்டுக்கான கதிரளவு) ஸ்கேன் நீளத்தையும் பெருக்கிய கணக்கு. ஒவ்வொரு சென்டிமீட்டரும் நேராக டோஸில் சேரும். கரைனாவுக்கு (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) சற்றுக் கீழே தொடங்கி இதயத்தின் அடிவிளிம்பைச் சற்றுத் தாண்டினால் போதும். பெரும்பாலும் 12 முதல் 14 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். 16 சென்டிமீட்டர் டிடெக்டர் இருக்கிறது என்பதற்காக 16-ஐயும் திறக்க வேண்டியதில்லை, குறைத்து வைக்கலாம். கொடை இதயம் அவருடைய பழைய பெரிக்கார்டியப் பைக்குள் சற்றுத் திரும்பி, சில நேரம் தளர்வாக உட்கார்ந்திருக்கும். அதனால் கைப்பழக்கத்தில் கோடு போடாமல் டோபோவைப் பார்த்துப் போடுங்கள்.

படி 5: எப்போது கதிரைத் திறப்பது

டோஸில் பெரிய மிச்சம் கிடைப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

துடிப்பு 96 என்று வையுங்கள். ஓர் ஆர் அலைக்கும் அடுத்த ஆர் அலைக்கும் இடையே 625 மில்லிசெகண்ட். துடிப்பு ஏற ஏறச் சுருங்குவது பெரும்பாலும் டயஸ்டோல்தான் (இதயம் தளர்ந்து நிரம்பும் கட்டம்). 60 துடிப்பில் இந்த இடைவெளியின் 70–80 சதவீதத்தில் நாம் நம்பியிருந்த அமைதி, 96-ல் கிட்டத்தட்ட காணாமல் போய்விடும். சிஸ்டோலின் முடிவில் இதயம் சுருங்கி நிற்கும் ஒரு சிறு இடைவெளி மட்டும் தங்கும். அது ஏறக்குறைய 35 முதல் 45 சதவீதத்தில் வரும். நம் கணக்கில் ஆர் அலைக்குப் பிறகு 219 முதல் 281 மில்லிசெகண்ட் வரை.

ஒற்றை டியூப் இயந்திரம் 0.28 நொடியில் ஒரு சுற்றுச் சுற்றினால், ஒரு படத்துக்கு அரைச் சுற்று, அதாவது 140 மில்லிசெகண்ட் தரவு வேண்டும். அதோடு 35–45 சதவீதத்துக்கான 62 மில்லிசெகண்ட் கூடுதல் சேர்ந்தால் கதிர் பாயும் நேரம் ஏறக்குறைய 200 மில்லிசெகண்ட். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 30–80 திறந்தால் அது 450-ஐத் தொடும். இரண்டு மடங்குக்கும் மேல். இதற்குப் பதில் குறைந்த பிட்ச்சில் (ஒரு சுற்றுக்கு மேசை நகரும் தூரம், கதிர்க்கற்றையின் அகலத்தோடு ஒப்பிட்டது) ரெட்ரோஸ்பெக்டிவ் ஹெலிக்கல் (மேசை நகர நகரச் சுருளாக எடுப்பது) போனால், பிட்ச் 0.2 என்றால் உடலின் ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ ஐந்து சுற்றுக் கதிரைப் பார்க்கும்.

எனவே ப்ராஸ்பெக்டிவ் முறை (குறித்த கட்டத்தில் மட்டும் கதிரைத் திறப்பது), சிஸ்டோல் கட்டம், குறுகிய ஜன்னல் (கதிர் திறந்திருக்கும் இடைவெளி). மற்ற நோயாளிகளுக்கு ஜன்னலை அகலமாக வைப்பதற்குக் காரணம் துடிப்பின் ஏற்ற இறக்கம். மாற்று இதயத்தில் அந்தக் காரணம் பெரும்பாலும் இல்லை. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: ஆண்டுகள் போகப் போக சிலருக்கு நரம்பு ஓரளவு திரும்ப முளைக்கும், சிலருக்கு இடையிடையே கூடுதல் துடிப்புகளும் வரும். மூச்சுப் பயிற்சி கொடுக்கும்போதே பத்துப் பதினைந்து நொடி மானிட்டரைக் கவனியுங்கள். எண் ஒன்றிரண்டுக்கு மேல் ஆடவில்லை என்றால் குறுகிய ஜன்னலைத் தைரியமாக வைக்கலாம்.

ஜன்னலைச் சதவீதத்தில் வைப்பதா, மில்லிசெகண்டில் வைப்பதா? இயந்திரம் இடம் கொடுத்தால் சிஸ்டோலுக்கு மில்லிசெகண்டே மேல். துடிப்பு சற்று மாறினாலும் சிஸ்டோலின் நீளம் அவ்வளவாக மாறாது.

இரட்டை டியூப் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். 0.25 நொடிச் சுற்றில் 66 மில்லிசெகண்டில் ஒரு படம் கிடைத்துவிடும். ஆனால் அந்த இயந்திரத்தின் பெருமையான அதிவேக ஹெலிக்கல் முறைக்கு ஆசைப்படாதீர்கள். அது ஒரே டயஸ்டோலுக்குள் முழு இதயத்தையும் எடுப்பதற்கானது, மெதுவான துடிப்பு கேட்கும். 96-ல் டோஸ் மிகக் குறைவாக வரும், வலது தமனி இரண்டாகத் தெரியும். துடிப்பு மிக வேகமான குழந்தைகளுக்கு அந்த முறையைச் சில மையங்களில் வேறு காரணங்களுக்காகப் பயன்படுத்துகிறார்கள், அது தனிக் கதை.

அகல டிடெக்டர் இயந்திரத்தில் ஒரே துடிப்பில் முடித்துவிடலாம். 4 சென்டிமீட்டர் டிடெக்டரில் மூன்று நான்கு தடவையாக எடுக்க வேண்டும், அடுக்குகள் பொருந்தாமல் படிக்கட்டு போலத் தெரியும் அபாயம் உண்டு. அங்கேயும் சீரான துடிப்பு நம் பக்கம்தான்.

இதயத்தின் இயக்கத்தையும் பார்த்துவிடலாமே என்று யாராவது முழுச் சுற்றையும் கேட்டால், எக்கோ இருக்கிறதே என்று பணிவாகச் சொல்லுங்கள்.

படி 6: கிலோவோல்ட்டும் மில்லிஆம்பியரும்

இரண்டும் ஒன்றல்ல. மில்லிஆம்பியரைப் பாதியாக்கினால் டோஸ் பாதி. ஆனால் நாய்ஸ் டோஸின் வர்க்கமூலத்துக்கு எதிராக மாறும், அதாவது நாய்ஸைப் பாதியாக்க நான்கு மடங்கு டோஸ் வேண்டும். கிலோவோல்ட்டை இறக்கினால் டோஸ் இன்னும் வேகமாக விழும். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, 120-லிருந்து 100-க்கு வந்தாலே மூன்றில் ஒரு பங்கு போல மிச்சம். நாய்ஸ் கூடத்தான் செய்யும். ஆனால் கூடவே அயோடினின் பிரகாசமும் கூடும். அயோடின் எக்ஸ் கதிரை நன்றாக உறிஞ்சும் எல்லை 33 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு அருகில் இருக்கிறது, குறைந்த கிலோவோல்ட்டில் கதிர்கள் அதை நெருங்குகின்றன. அதனால் முதலில் இறக்க வேண்டியது கிலோவோல்ட். பிறகு தேவைப்பட்டால் மில்லிஆம்பியரை ஏற்றி நாய்ஸைப் பிடியுங்கள்.

90 கிலோவுக்குள் இருப்பவருக்கு 100 கிலோவோல்ட் என்பது பொதுவான தொடக்கம். நம் ஊர் 55, 60 கிலோ உடம்புக்கு டியூபில் சக்தி இருந்தால் 80 தாராளமாகப் போதும். இங்கே ஒரு பொறி உண்டு. ஸ்டீராய்டால் எடையும் உடற்பருமனும் மாறிக்கொண்டே இருக்கும். மாற்றுக்கு முன் எலும்பும் தோலுமாக இருந்தவர் ஓராண்டில் 15 கிலோ கூடியிருப்பார். போன ஸ்கேனின் அமைப்பை அப்படியே நகலெடுக்காமல் ஒவ்வொரு முறையும் எடை பாருங்கள், நெஞ்சின் அகலத்தையும் பாருங்கள். மார்பெலும்புக் கம்பிகள், கிளிப்புகள், பழைய பேஸ்மேக்கர் அல்லது டிஃபிப்ரிலேட்டர் வயரின் மிச்சம் போன்றவை தமனிக்குப் பக்கத்திலேயே இருந்தால் 80-ல் கோடுகள் கூடும். அங்கே 100-ல் நிற்பது நல்லது.

படி 7: கான்ட்ராஸ்ட்

வலது முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் வென்ஃப்ளான், நொடிக்கு 5 மில்லி, பின்னாலேயே சலைன். கிலோவோல்ட் குறைந்ததால் மருந்தையும் குறைக்கலாம். 80-ல் எடுக்கும்போது 50 மில்லிக்குக் குறைவாகவே நல்ல நிரப்பல் கிடைக்கும், டாக்ரோலிமஸால் நொந்த சிறுநீரகத்துக்கு அது பெரிய உதவி. குறைக்காமல் விட்டால் வேறொரு தொல்லை வரும். தமனியின் உட்பகுதி 600 ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு (சிடியில் பிரகாசத்தை அளக்கும் அலகு) மேல் பளீரென்று எரிந்து, பக்கத்தில் இருக்கும் மெல்லிய சுவர்த் தடிப்பை விழுங்கிவிடும். நாம் தேடுவதே அந்தச் சுவரை. பெருந்தமனியில் 350 முதல் 500 வரை இருந்தால் வாசிக்க வசதி.

போலஸ் டிராக்கிங்கில் (மருந்து வந்துசேர்வதைப் பார்த்து ஸ்கேனைத் தொடங்கும் முறை) முதல் கண்காணிப்புப் படத்தை ஊசி தொடங்கிப் பத்து நொடி கழித்து வையுங்கள். மருந்து வராத இடத்தையே ஒவ்வொரு நொடியும் படம் பிடிப்பதில் பயனில்லை.

படி 8: படத்தைக் கட்டமைத்தல்

இட்டரேட்டிவ் முறையும் (திரும்பத் திரும்பக் கணக்கிட்டுப் படமாக்குவது), இப்போது வரும் டீப் லேர்னிங் முறையும் நாய்ஸைக் குறைத்துத் தருகின்றன. அதனால்தான் குறைந்த டோஸில் எடுக்க முடிகிறது. ஆனால் அளவை உச்சத்தில் வைத்தால் படம் மெழுகு பூசியது மாதிரி வழவழப்பாகிவிடும். சுவரின் விளிம்பு கரைந்துபோகும். அழகான படம் கிடைக்கும், சிஏவி தப்பிவிடும். நடுத்தர அளவில் வைத்து, 0.5 முதல் 0.75 மில்லிமீட்டர் தடிமனில் கட்டமைத்து, ரேடியாலஜிஸ்டோடு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். போட்டான் எண்ணும் டிடெக்டர் உள்ள இயந்திரங்கள் 2021-லிருந்து மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கின. சிறு தமனியின் சுவரைப் பார்க்க அவை உண்மையிலேயே வேறு தரம். உங்கள் மருத்துவமனைக்கு வரும்வரை கையில் இருப்பதை ஒழுங்காக ஓட்டுவோம்.

படி 9: நோயாளி மேசையில் இருக்கும்போதே

மூன்று பெரிய தமனிகளையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். எங்காவது மங்கலாக இருந்தால் உடனே இன்னொரு ஊசிக்கு ஓடாதீர்கள். ஜன்னலுக்குள் கிடைக்கிற வேறு கட்டங்களைக் கட்டமைத்துப் பாருங்கள். 38 சதவீதத்தில் மங்கலான வலது தமனி 43-ல் தெளிவாக வரலாம். அசைவைத் திருத்தும் மென்பொருள் இருந்தால் ஓட்டுங்கள். பெருந்தமனியில் ஒரு வட்டம் போட்டு சராசரியையும் திட்ட விலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘நாய்ஸ் அதிகம்’ என்று வாயால் சொல்வதைவிட அந்த எண் பேசும். பிறகு ரேடியாலஜிஸ்டைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். திரும்ப எடுப்பது அவருடைய முடிவு.

படி 10: பதிவு

டோஸ் ரிப்போர்ட்டில் வரும் டிஎல்பியைக் குறித்துக்கொள்ளுங்கள். மில்லிசீவர்ட்டாக மாற்றி ஒப்பிடும்போது கவனம் தேவை. டிஎல்பி 250 என்றால், நெஞ்சுக்கான பழைய எண் 0.014-ஆல் பெருக்கினால் 3.5 மில்லிசீவர்ட். இதயத்துக்கென்று பின்னாளில் முன்வைக்கப்பட்ட 0.026-ஆல் பெருக்கினால் 6.5. ஒரே ஸ்கேன்தான். ஒரு மையம் ‘எங்கள் டோஸ் பாதி’ என்று சொன்னால் எந்த எண்ணால் பெருக்கினார்கள் என்று கேளுங்கள். டிஎல்பியை டிஎல்பியோடு ஒப்பிடுவதே நேர்மை. பல நாட்டு மையங்களில் எடுத்த கணக்கெடுப்பில் கரோனரி சிடியின் நடுமதிப்பு 2007-ல் 885 ஆக இருந்தது, 2017-ல் 195 ஆக இறங்கியது. உங்கள் மாற்று இதய ஸ்கேன்கள் தொடர்ந்து 400, 500 என்று வந்தால் ஜன்னலின் அகலத்தையும் எல்லையின் நீளத்தையும்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

நோயாளியிடம் மில்லிசீவர்ட் பேச வேண்டி வந்தால், இயற்கையாகவே நமக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வருகிறது என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் எண் யாருக்கும் புரியாது.

அப்புறம், இதே நபர் அடுத்த ஆண்டும் வருவார். எடை, துடிப்பு, கொடுத்த மருந்து, கிலோவோல்ட், ஜன்னல், கடைசியில் எந்தக் கட்டத்தில் படம் தெளிவாக வந்தது, கான்ட்ராஸ்ட் எவ்வளவு, டிஎல்பி எவ்வளவு என்று நாலு வரி எழுதி அவருடைய பதிவிலேயே வையுங்கள். துடிப்பும் தெளிவான கட்டமும் அநேகமாக அப்படியே இருக்கும், அதனால் ஜன்னலை இன்னும் குறுக்க முடியுமா என்று யோசிக்கலாம். எடையை மட்டும் மறுபடி பார்த்துவிட்டுக் கிலோவோல்ட்டைத் தொடுங்கள்.